தேய்ந்த எந்திரமும் தேயாத கடனும்



மண்வெட்டியும் கடப்பாரையும் கூடையும் கொண்டு நம் முன்னோர் திங்கள் கணக்கில் செய்துவந்த வேலையை இன்று ஓர் இரும்புக் கை சில நாள்களில் முடித்துவிடுகிறது. சீமைக் கருவேலங்காட்டைத் திருத்தவும், பண்ணைக் குட்டை வெட்டவும், தூர்ந்துபோன வாய்க்காலைத் தோண்டவும், தென்னைக்குக் குழியெடுக்கவும் அதனையே நாம் அழைக்கிறோம். அதற்கு நம் மக்கள் வழங்கும் பெயர்கள் யாவும் நிறுவனங்களின் பெயர்களே. 'பொக்லைன்' என்பது பிரான்சு நாட்டு நிறுவனம். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தோண்டு எந்திரத்தை அது 1951-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியது. 'ஜே.சி.பி.' என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். 'ஹிட்டாச்சி' என்பது சப்பான் நாட்டுப் பெயர். பெயர் எதுவாயினும், இவ்வெந்திரம் நம் சிற்றூர்களில் ஏர்க்கலப்பையைப் போலப் பழகிய பொருளாகிவிட்டது.

பழகிய பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ள மனம் விழைவது இயல்பே. புதியதன் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. அந்நேரத்தில் தரகர் ஒருவர் வருகிறார். "பதினான்கு ஆண்டு ஓடிய செயின் வண்டி, ஏழு டன், கொஞ்சம் வேலை பார்த்தால் போதும், ஆறு இலட்சத்திற்கு முடித்துத் தருகிறேன்" என்கிறார். வீட்டில் அன்றிரவு உறக்கம் இல்லை. இத்தகைய தருணத்தில் குடும்பத்தார் எவ்வாறு முடிவு செய்யவேண்டும் என்பதையே இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன், தம்பி இருவர். இருவருக்கும் சேர்ந்து எட்டு ஏக்கர் நிலம். அதில் மூன்று ஏக்கரில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தாயின் நகையும் மருமகள்மார் இருவரின் நகையும் சேர்த்து அடகு வைத்தால் நான்கு இலட்சம் கிடைக்கும். மீதி இரண்டு இலட்சம் வெளிக்கடன். அண்ணனின் மகள் அடுத்த ஆண்டு செவிலியர் கல்லூரியில் சேரவேண்டியவள். அவளுக்கென எண்ணி வைத்த நகையும் அந்தப் பொட்டலத்துக்குள்தான் இருக்கிறது. எனவே, இது இரும்பைப் பற்றிய வினாவாகத் தோன்றினாலும், அந்தப் பெண்பிள்ளையின் நாளையைப் பற்றிய வினாவுமாகும்.

முதலில் எந்திரத்தைப் பார்க்கப் போகாதீர்கள். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு திண்ணையில் அமருங்கள். நம் நிலத்தில் உள்ள வேலை எவ்வளவு என்று மணிக்கணக்கில் எழுதுங்கள்.

மேலே நூறடிக்கு நூறடி, அதாவது ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஆழம் 2 மீட்டர். கரைகள் சரிவாக இறங்க, அடியில் 26 மீட்டர் சதுரம். இத்தகைய பண்ணைக் குட்டையில் வெட்டவேண்டிய மண் ஏறத்தாழ 1,570 கன மீட்டர். மணிக்கு 30 கன மீட்டர் வெட்டும் என்று கொண்டால் 52 மணி நேரம். கருவேலம் அகற்ற ஏக்கருக்கு 6 மணி வீதம் 18 மணி. தென்னை இரண்டு ஏக்கரில் வைப்பதானால், இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 வீதம் 140 குழிகள். அதற்கு 12 மணி. வாய்க்காலுக்கு 10 மணி, வரப்புக்கும் கரைக்கும் 8 மணி. ஆக மொத்தம் சரியாக 100 மணி நேரம்.

வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதியில் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பின் அத்தொகையை இட்டுக்கொள்ளுங்கள். நூறு மணிக்கு 1,20,000 ரூபாய். இத்தொகையைக் கண்டதும், "இவ்வளவு பணத்தை வாடகையாகக் கொட்டுவதா? அதை வண்டியிலேயே போட்டால் பொருளாவது நிற்குமே" என்ற எண்ணம் எழுகிறது. பெரும்பாலான குடும்பங்கள் வழுக்கி விழுவது இவ்விடத்தில்தான். ஏனெனில், சொந்த எந்திரமும் இலவசமாக ஓடுவதில்லை.

மணிக்கு 6 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்று கொண்டால் 558 ரூபாய். ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய் கூலி. எட்டு மணிக்குப் பகிர்ந்தால் மணிக்கு 150. எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, கிரீசு முதலியவற்றுக்கு 92 என்று வைத்தால், ஆக 800 ரூபாய். ஆதலால், சொந்த எந்திரத்தால் மிச்சமாவது மணிக்கு 1,200 ரூபாய் என்று எண்ணுவது பிழை. மிச்சம் 400 ரூபாயே.

இனி ஆண்டுச் செலவைப் பாருங்கள். ஆறு இலட்சத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி வீதம் ஆண்டுக்கு 72,000. ஐந்தாண்டு கழித்து அவ்வெந்திரம் மூன்று இலட்சத்துக்கு விலைபோகும் என்று தாராளமாகவே கொண்டாலும், ஆண்டுக்கு 60,000 ரூபாய் மதிப்புக் குறைகிறது. பதினான்கு ஆண்டு உழைத்த எந்திரத்துக்குப் பழுது பார்க்க ஆண்டுக்கு ஓர் இலட்சம் என்பது மிகைக் கணக்கன்று. மொத்தம் 2,32,000 ரூபாய். இதனை 400 ரூபாயால் வகுத்தால் 580 மணி நேரம் வருகிறது. ஆண்டுதோறும் 580 மணி நேரம் வேலை இருந்தால்தான் வாடகைக்கு அழைத்தவனும் சொந்தமாக வாங்கியவனும் சமநிலையில் நிற்பார்கள். தம்பியே ஓட்டுகிறான், கூலி மிச்சம் என்று கொண்டாலும் ஏறத்தாழ 422 மணி நேரம் வேண்டும்; தம்பியின் உழைப்புக்கு மதிப்பே இல்லை என்று கொண்டால்தான் அக்கணக்கும் சரியாகும்.

நம் குடும்பத்தின் வேலையோ முதல் ஆண்டில் 100 மணி. குட்டை வெட்டியாயிற்று, காடு திருத்தியாயிற்று என்றால் இரண்டாம் ஆண்டிலிருந்து பதினைந்து மணி வேலை இருந்தால் பெரிது. மீதி நாளெல்லாம் எந்திரம் வேப்பமரத்தடியில் நிற்கும். வட்டி மட்டும் நில்லாது நடக்கும்.

"மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவோம்" என்று விடை வரும். விடலாம், அது நேர்மையான தொழிலே. ஆயினும் அக்கணமே நீங்கள் உழவர் என்ற நிலையிலிருந்து வாடகை எந்திரத் தொழிலர் என்ற நிலைக்கு மாறிவிடுகிறீர்கள் என்பதை உணரவேண்டும். செயின் வண்டி சாலையில் தானாக ஓடாது. ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லவேண்டும். மழைக்காலத்தில் வேலை நிற்கும். "அறுவடை முடிந்து தருகிறேன்" என்று சொல்லும் உறவினரிடம் முகம் முறித்துக் கேட்க இயலாது. எந்திரம் பிறர் வயலில் நடுவழியில் நின்றுபோனால் அன்றைய வாடகையும் போய், அடுத்த முறை வரும் அழைப்பும் போகும். அதே ஊரில் புதிய எந்திரம் வைத்திருப்பவரோடு தேய்ந்த எந்திரம் போட்டியிடவேண்டும். இவற்றையெல்லாம் அறிந்து, தொழிலாகவே ஏற்கத் துணிந்தவர் வேறு. உழவுக்கு உதவும் என்று வாங்கிவிட்டுத் தொழிலுக்குள் தள்ளப்படுபவர் வேறு.

தள்ளப்படுபவருக்கு இன்னொரு படுகுழி காத்திருக்கிறது. தவணை நாள் நெருங்கும், வேலை இராது. அந்நேரத்தில், "இரவில் ஆற்றுக்கு வண்டியை அனுப்புங்கள், விடியுமுன் திரும்பிவிடும், இரட்டிப்பு வாடகை" என்று ஒருவர் வருவார். அனுமதியின்றி மணலோ கிராவலோ அள்ளும் எந்திரத்தைப் பறிமுதல் செய்ய 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் இடந்தருகிறது. கண்மாயின் வண்டல் மண்ணை வயலுக்கு எடுப்பதற்கும்கூட அனுமதி வேண்டும். பிடிபட்டால் எந்திரம் காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடிக்கும். நகை அடகுக் கடையிலேயே தங்கும். வழக்கு வீட்டுக்கு வரும். பிடிபடாவிட்டாலும், ஊரின் கிணறுகளுக்கு நீரூட்டும் மணலை ஊரார் உறங்கும்போது விற்றோம் என்ற உண்மை மாறாது. நல்லவர்களையும் இவ்வழியில் இழுத்துச் செல்வது பெரும்பாலும் பேராசையைவிடக் கடனின் நெருக்கடியே. ஆதலால் அந்நெருக்கடியைத் தொடக்கத்திலேயே தவிர்ப்பது அறிவுடைமை.

இனி, கணக்கு ஒத்துவருகிறது, வாங்கவே முடிவு செய்கிறோம் என்று கொள்வோம். அப்போது எந்திரத்தைப் பார்க்கவேண்டிய முறை ஒன்று உண்டு. அதன் உடலமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுங்கள். எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. அப்பம்பு எண்ணெயைப் பெரும் அழுத்தத்தோடு குழாய்கள் வழியே தள்ளுகிறது. அவ்வழுத்தமே கையை உயர்த்துகிறது, மேல்பகுதியைச் சுழற்றுகிறது, செயினை நகர்த்துகிறது. ஆகவே எஞ்சின், எண்ணெய் அழுத்தப் பகுதி, கீழே உள்ள செயின் பகுதி ஆகிய மூன்றும் நலமாக இருக்கவேண்டும். ஒன்று கெட்டாலும் மற்றவை பயனற்றவை.

விடியற்காலையில், சொல்லாமல் செல்லுங்கள். எஞ்சின் மீது கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எளிதில் உயிர்பெற வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிடில் எரிபொருள் சரியாக எரியவில்லை, அல்லது குளிர்நீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பீறிட்டு வருவதை மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். அது பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்ததன் அடையாளம். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது.

அடுத்து, கையை உயர்த்தி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அதன் அடியில் எவரும் நிற்கவேண்டாம். சில நிமிடங்களில் கை கண்ணுக்குத் தெரியுமாறு கீழே இறங்கினால் எண்ணெய் உள்ளே கசிகிறது. பின்னர் இரண்டு மணி நேரமாவது உண்மையான மண்ணில் வேலை செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பம்பும் அப்போது வலிமையுள்ளதுபோல் நடிக்கும். எண்ணெய் சூடேறி இளகியபின் அதன் தளர்ச்சி வெளிப்பட்டுவிடும். பத்து நிமிட ஓட்டத்தைக் கண்டு பணம் கொடுத்தவர் இதனைத் தம் வயலில்தான் கண்டுகொள்வார்.

செயின் பகுதியைக் குனிந்து பாருங்கள். செயினை இழுக்கும் சக்கரத்தின் பற்கள் ஊசிபோல் கூர்ந்திருந்தால் தேய்மானம் முற்றிவிட்டது. உருளைகளின் ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா, செயின் தொங்குகிறதா என்று நோக்குங்கள். செயின் எந்திரத்தின் பராமரிப்புச் செலவில் பாதிவரை இக்கீழ்ப்பகுதியே விழுங்கும் என்பது அத்தொழிலில் உள்ளோர் கணக்கு. நேராக ஓட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் அப்பக்கத்து மோட்டாரோ பம்போ தளர்ந்திருக்கிறது. வாளியைப் பக்கவாட்டில் அசைத்தால் 'பின்', 'புஷ்' ஆகியவற்றின் ஆட்டம் தெரியும். புதுச் சாயம் பூசிய இடத்தை மட்டும் இருமுறை பாருங்கள். வெடித்த இரும்பை ஒட்டிய தழும்பு சாயத்துக்கடியில் ஒளிந்திருக்கலாம். மணி காட்டும் கருவியை நம்பவேண்டாம். அதனை மாற்றிவிடுவது கடினமன்று. மிதிகட்டையின் தேய்மானமும் இருக்கையின் கிழிசலும் அதனினும் உண்மை பேசும்.

ஆவணங்களில் முதற்பட்டியலையும், எந்திர எண், எஞ்சின் எண் இரண்டும் ஒத்திருப்பதையும், முன்னவர் வாங்கிய கடன் தீர்ந்தது என்னும் நிதி நிறுவனத்தின் எழுத்துமூலச் சான்றையும் கேளுங்கள். டயர் வண்டியானால் பதிவுப் புத்தகமும் காப்பீடும் வேண்டும். விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வீண் என்று கருதாதீர்கள். அவர் "வேண்டாம்" என்று சொன்னால், ஆறு இலட்சத்தைக் காத்துக் கொடுத்தவர் ஆகிறார்.

தாய்மாருக்கு ஒரு சொல். எந்திரம் வீட்டு முற்றத்துக்கு வருமானால், அது சுழலும் வட்டத்துக்குள் குழந்தைகள் செல்லலாகாது. குழாயில் எண்ணெய் கசியும் இடத்தை ஒருவரும் விரலால் தடவிப் பார்க்கலாகாது. ஊசிமுனை போன்ற அவ்வெண்ணெய்க் கீற்று தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் விரலையே, சில வேளை கையையே, இழக்க நேரும். கிணற்றின் விளிம்பிலும் மின்கம்பியின் அடியிலும் எந்திரத்தை நிறுத்தலாகாது. பழைய எந்திரத்தில் இவ்வபாயங்கள் மிகுதி.

அப்படியானால் பழைய எந்திரத்தை வாங்கவே கூடாதா? அவ்வாறு கூறுவதற்கில்லை. பரந்த தோப்பும் ஆண்டு முழுவதும் வேலையும் உள்ளவர் வாங்கலாம். குடும்பத்திலேயே கைதேர்ந்த மெக்கானிக் இருந்து, உதிரிப் பாகம் அருகிலுள்ள நகரில் கிடைக்குமாயின் பழுதுச் செலவு பாதியாகக் குறையும். பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி, ஓட்டுபவர் யார், பழுதுக்குப் பணம் எங்கிருந்து, முறை எவ்வாறு என்று எழுதி வைத்துக்கொண்டு வாங்கினால் 580 மணி நேரமும் எளிதில் நிறையும். அனைத்துக்கும் மேலாக, கடனில்லாத பணமாக இருக்கவேண்டும். விலையில் மூன்றில் ஒரு பங்கு முதலாண்டுப் பழுதுக்கெனத் தனியே கையில் இருக்கவேண்டும். வாங்கும் விலையோடு பணப்பை காலியாகிவிடுமானால், அவ்வெந்திரம் உங்களுக்குரியதன்று.

நாம் எண்ணிய குடும்பத்துக்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தவில்லை. அவர்கள் வாடகைக்கே அழைக்கவேண்டும்; ஆனால் அதனையும் திறமையோடு செய்யவேண்டும். தமிழ்நாட்டு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை நிலம் திருத்தும் எந்திரங்களை உழவர்க்கு வாடகைக்கு விடுகிறது. வட்டார அலுவலகத்தில் கேட்கலாம். 'உழவன்' செயலி வழியாகவும் பதியலாம். தனியாரை அழைப்பதானால், அண்டை நிலத்தார் நால்வர் சேர்ந்து ஒரே முறையாக அழையுங்கள்; டிரெய்லர் செலவு நான்காகப் பிரியும். எந்திரம் வருமுன் குட்டையின் எல்லையையும் குழிகளின் இடத்தையும் சுண்ணாம்புத் தூளால் குறித்து வையுங்கள். எந்திரம் நின்றுகொண்டிருக்க அண்ணனும் தம்பியும் இடம் பற்றி வாதாடினால், வாதத்துக்கும் மணிக்கு 1,200 ரூபாய் ஆகும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மணிக்கருவியைக் குறித்துக்கொள்ளுங்கள். குட்டை வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள். அது வயலின் உயிர். அடிமண்ணோடு கலந்துவிட்டால் மீளாது. ஈரம் காயாத நிலத்தில் எந்திரத்தை இறக்காதீர்கள், மண் இறுகிப்போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வேலை முடிந்தால் அவ்வாண்டே குட்டையில் நீர் நிற்கும்.

நூறு மணி வேலையையும் ஓராண்டில் முடிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இவ்வாண்டு குட்டை, அடுத்த ஆண்டு காடு, மூன்றாம் ஆண்டு தென்னை என்று பகுத்துக்கொண்டால், 62,400 ரூபாயோடு இவ்வாண்டுச் செலவு நின்றுவிடும். நகை பெட்டியிலேயே இருக்கும். பெண்பிள்ளை கல்லூரியில் சேருவாள். குட்டை நிரம்பினால் அதில் ஏறத்தாழ 15 இலட்சம் லிட்டர் நீர் நிற்கும்.

தரகர் மீண்டும் வந்து, "இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வார்" என்று சொல்லக்கூடும். எடுத்துக்கொள்ளட்டும். பழைய எந்திரங்கள் சந்தையில் என்றும் உண்டு. முடிவு செய்யுமுன் அக்கணக்குத் தாளை வீட்டில் உள்ள அனைவர் முன்னும் உரக்கப் படியுங்கள். நகைக்குரிய பெண்களையும் அமரச் செய்யுங்கள். யாருடைய பொருளை ஈடாக வைக்கிறோமோ, அவர்கள் கணக்கைக் கேட்டு மனமார இசைந்த பின்னரே கையெழுத்திடுங்கள். அவர்கள் இசையாவிடில், அன்றிரவு நிம்மதியாக உறங்கி, மறுநாள் காலை வாடகை எந்திரத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.